பச்சையம்மாவின் முன் இடது சக்கரம்

அக். 6, ஞாயிறு

காலையில வெயில். மத்தியானத்துக்கு மேல மழை. குனோங் ராபாட் மலை பாதி காணோம். ஷெட் கூரையில அதே ஓட்டை, கீழ அதே வாளி.

பச்சையம்மாவுக்கு பிரேக் வேலை ஆரம்பம். பின்னால ரெண்டு சக்கரமும் முடிஞ்சது. டிரம்மைக் கழட்டிப் பாத்தா, சிலிண்டர் ரப்பரெல்லாம் கத்திரிக்கா வத்தல் மாதிரி சுருங்கிக் கிடக்கு. போன வருஷம் நடுவழியில நின்னதுக்கு இதான் காரணம். நல்லவேளை புது ரப்பர் நாலு சக்கரத்துக்கும் கைவசம்.

பக்கத்துல சீனத் தம்பி ஆ செங்கோட வொர்க்ஷாப்புக்கு டயர் மாத்த வந்த ஒருத்தர் எட்டிப் பாத்து, “அண்ணே, இது டாங்கியா?”ன்னாரு. டாங்கி இல்ல லா. பட்டாளம் ரோந்துக்கு வச்சிருந்த கவச வண்டி. நாலு சக்கரம், மேல தலையை நீட்டி நிக்க ஒரு வட்டத் திறப்பு. “துப்பாக்கி எங்க?”ன்னாரு. அதெல்லாம் எப்பவோ எடுத்தாச்சு, ஓட்டையைத் தகடு வச்சு அடைச்சாச்சு. மனுஷனுக்கு முகமே செத்துப்போச்சு. வர்றவன் எல்லாம் இதையே கேக்கறான். எஞ்சின் என்ன, கியர் எப்படி, ஒருத்தன் கேட்டதில்ல.

வண்டி என்னுது இல்ல, ஜெகாவுது. அவன் வாங்கினான், நான் பாத்துக்கறேன். பட்டாளத்து வொர்க்ஷாப்ல இதே ஜாதி வண்டியோட வயித்துக்குள்ளதான் என் பாதி ஆயுசு போச்சு. அதனால எனக்கு இது வேலையே இல்ல.

சாயங்காலம் ஜெகா வந்தான். எஸ்டேட்ல பொறந்து வளந்தவன்தான், ஆனா எஸ்டேட் ஆபீஸ் கணக்கு எழுதற கிராணி வீட்டுப் பையன். அப்பா அம்மா யாழ்ப்பாணம். எங்களோட இத்தனை வருஷம் பழகியும் அந்தப் பேச்சு போகல.

“மாரி, சுரேந்திரன் திரும்பவும் போன் எடுத்தவன்.”

சுரேந்திரன் கோலாலம்பூர்ல ஓட்டல் வச்சிருக்காரு. பச்சையம்மாவை ஓட்டல் வாசல்ல சிமெந்து மேடை கட்டி நிறுத்தணுமாம். எஞ்சினை எடுத்துட்டு, மேல திறப்புல பூச்செடி வைக்கணுமாம். பூச்செடி! ஜெகாவோட பிள்ளைங்க மெல்பர்ன்ல இருந்து தினம் ஒரே பாட்டு, வித்துடுங்கப்பா, வித்துடுங்கப்பான்னு.

கடைசியில ஒரு முடிவுக்கு வந்தோம். சனிக்கிழமை பழைய வண்டிக்காரங்க ஊர்வலம், ஈப்போல இருந்து லூமுட். சுரேந்திரன் அங்க வந்து காத்திருப்பாரு.

“லூமுட் வரைக்கும் தன்ர காலில ஓடிப் போச்செண்டால் விக்க மாட்டன். வழியில நிண்டுதெண்டால் அவன் லொறியில ஏத்திக்கொண்டு போகட்டும். சரியோ?”

“சரி. ஓடும் போ.”

அவன் சிரிச்சான். நான் சிரிக்கல.

சனிக்குள்ள: பிரேக் (முன்னால ரெண்டு). பேட்டரி. ரேடியேட்டர் குழாய். ஹாரன், ஆடு கத்தற மாதிரி இருக்கு. வீட்டுக்காரி சரோஜாவுக்கு முட்டி வலித் தைலம்.

அக். 8, செவ்வாய்

மழை இல்ல. ஒரே புழுக்கம். பனியன் பிழிஞ்சா ஒரு கிளாஸ் தேறும்.

முன் வலது சக்கரம் முடிஞ்சது. முன் இடது கழட்டிப் பாத்தேன். ரப்பர் நல்லாத்தான் இருக்கு, பளபளன்னு. ஒழுங்கா இருக்கறதை நோண்டாதேன்னு திரும்ப மூடிட்டேன். எனக்குப் பாத்தாலே தெரியும்.

தைலம் வாங்க மறந்துட்டேன். வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

சிலிண்டருக்குள்ள ரப்பரை நெட்டித் தள்றப்ப ‘புஸ்’ஸுன்னு ஒரு சத்தம். அப்படியே சின்ன வயசுல எஸ்டேட்ல செஞ்ச மூங்கில் துப்பாக்கி. அதே கணக்குதானே, குழாய், உள்ள ஒரு அடைப்பு, பின்னால தள்ற குச்சி. விரல் தடிமன் மூங்கில், கணு இல்லாத துண்டு. ஈரப் பேப்பரை மென்னு உருட்டி ஒண்ணை அந்தக் கோடியில அடைக்கணும், இன்னொண்ணை இந்தக் கோடியில வச்சுக் குச்சியால ஒரே குத்து. டப்! நடுவுல மாட்டின காத்து முன்னால இருக்கறதைத் தூக்கி அடிக்கும். பேப்பர் இல்லேன்னா பச்சை செரிக்காய், கோலிக்குண்டு மாதிரி சின்னக் காய். அது பட்டா சட்டையில கறை, வீட்டுக்குப் போனா அடி.

ரப்பர் கட்டை துப்பாக்கியும் உண்டு. சைக்கிள் டியூப்பை வளையமா அறுத்து மாட்டி விடறது. எஸ்டேட் வீட்டு வரிசையில மேல் லயம் ஒரு பட்டாளம், கீழ் லயம் ஒரு பட்டாளம். கீழ் லயத்துக்கு நான்தான் ஆயுதம் செய்யறவன். என் துப்பாக்கி சொதப்பினதா ஒருத்தனும் சொன்னது கிடையாது.

மேல் லயத்துப் பட்டாளத்துக்குத் தலைவன் ஜெகா. தகரத் துப்பாக்கி வச்சிருந்தான், ஈப்போ கடையில வாங்கினது. சிவப்புக் காகித ரோல்ல கேப்பு, ஒவ்வொண்ணுக்கும் பொகை. அதை இடுப்புல சொருகிட்டு வருவான் பாரு, தொரை மவன் கெட்டான்.

அக். 10, வியாழன்

காலையில தூறல்.

வண்டி ரெடி. ஷெட்டைச் சுத்தி ரெண்டு சுத்து ஓட்டிப் பாத்தேன். நிறுத்தினா நிக்குது. ஆ செங் கட்டை விரலைக் காட்டினான். சுரேந்திரன் பூச்செடிக்கு வேற இடம் பாத்துக்கட்டும்.

நாளைக்கு ஆயுத பூஜை. சாமான் எல்லாம் கழுவி, துடைச்சு, எண்ணெய் போட்டாச்சு. என் ஸ்பானர் செட்டு பழைய இங்கிலீஷ் அளவு. பச்சையம்மாவோட நட்டுக்கு அது மட்டும்தான் சேரும். இப்பக் கடையில விக்கற மில்லிமீட்டர் சாமான் ஒண்ணு வழுக்கும், இல்ல நுழையாது. இந்த ஊர்ல வேற எவன்கிட்டயும் நான் பாத்ததில்ல.

சரோஜா பொரி, கடலை, அவல், வாழையிலை எல்லாம் வாங்கி வந்துட்டா. புரட்டாசி வேற, மீன் வாசனைக்கு வீடு ஏங்குது.

“ஏங்க, இன்னைக்கே எல்லா வேலையும் முடிச்சிருங்க. சாமிகிட்ட வச்சதுக்கு அப்புறம் அதைக் குடு, இதைக் குடுன்னு வராதீங்க.”

“எல்லாம் முடிஞ்சது. உன் புருஷன் யாரு?”

“அதான் பயமா இருக்கு.”

அக். 11, வெள்ளி. ஆயுத பூஜை

நல்ல வெயில். காலையிலயே ஷெட்ல பூஜை. ஸ்பானர், சுத்தி, ஜாக்கி எல்லாம் வாழையிலை மேல வரிசையா, ஒவ்வொண்ணுக்கும் சந்தனம் குங்குமம். பச்சையம்மாவுக்குச் செவ்வந்தி மாலை. சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டி, வண்டிக்கு முன்னால தேங்கா உடைச்சேன். ஒரே போடு, சரிபாதி. தண்ணி நாலாப்பக்கமும் தெறிச்சது. சரோஜா கன்னத்துல போட்டுக்கிட்டா.

அதுக்கப்புறம் முன் இடது சக்கரத்துக்குப் பக்கத்துல ஈரம். தேங்காத் தண்ணின்னு விட்டுட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தேன். ஈரம் அப்படியே இருக்கு. வெயில்ல மத்த இடமெல்லாம் காஞ்சு கிடக்கு. அப்பவும் எனக்கு உறைக்கல. இன்னைக்குத் தேங்காய்ல தண்ணி ஜாஸ்தின்னு நினைச்சேன். அட மடப்பயலே.

ஆ செங் பொரி வாங்க வந்தான். குனிஞ்சு ஒரு விரலால தொட்டான். ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சான்.

“அண்ணே, தேங்கா இல்ல லா. பிரேக் எண்ணெய்.”

நல்லா இருக்குன்னு நான் மூடி வச்ச அதே சக்கரம். பாத்தாலே தெரியும்னு எழுதி வச்சிருக்கேன், ரெண்டு பக்கம் முன்னால. நல்லாத் தெரிஞ்சது போ.

ஒரு மணி நேர வேலை. புது ரப்பர் மேசை மேலயே இருக்கு. ஸ்பானர் சாமிகிட்ட இருக்கு.

ஆ செங் சாமானைக் கேக்கலாம்னா, அளவு சேராதுங்கறது ஒரு பக்கம். அவனே தலையை ஆட்டிட்டான். “நானும் பூட்டிட்டேன். அக்கா சந்தனம் வச்சாங்க. நாளைக்குத்தான் தொறப்பேன்.” வருஷா வருஷம் சரோஜா அவன் டூல் பெட்டிக்கும் பொட்டு வைப்பா. அப்படி ஆரம்பிச்சதுல இருந்து வியாபாரம் நல்லா இருக்காம். இப்ப எங்களை விடக் கறார்.

ஜெகாவுக்குப் போன் பண்ணினேன். காரை எடுத்துட்டுப் பறந்து வந்தான்.

“எடுத்துச் செய்யன் மாரி. கடவுள் கோவிக்க மாட்டார்.”

“எடுக்க மாட்டேன்.”

“என்னடாப்பா, ஒரு ஸ்பானருக்கு!”

“உனக்குத்தான் தெரியுமே. எடுக்க மாட்டேன்.”

அவனுக்குத் தெரியும். சின்ன வயசுல எஸ்டேட் கோயில்ல அது நடந்தப்ப அவனும் அங்கதான் நின்னான். மழையில பல நாள் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டாம கிடந்து, ஆயுத பூஜை அன்னைக்குன்னு பாத்து வெயில் அடிச்சது. இன்னைக்கு எல்லாரும் மலைக்கு, அதான் ரப்பர் காட்டுக்கு, போகணும்னு எஸ்டேட் மேனேஜர் தொரை உத்தரவு. கத்தி எல்லாம் கோயில்ல, பால் வாளிக்கும் பொட்டு வச்சாச்சு. தொரை ஜீப்புல கோயில் வாசலுக்கே வந்துட்டாரு. எங்கப்பா வேட்டியை இறக்கி விட்டு முன்னால போய், “கத்தி சாமிகிட்ட இருக்குங்க தொரை. நாளைக்கு வாங்க”ன்னாரு. அவ்வளவுதான், சத்தமே போடல. தொரை கொஞ்ச நேரம் பாத்துட்டு ஜீப்பைத் திருப்பினாரு. வருஷம் முழுக்க அடிச்ச மணிக்கெல்லாம் எழுந்திருச்ச ஜனம். அந்த ஒரு நாள் மட்டும் அவங்களுது. அன்னைக்கு எங்கப்பாவைப் பாத்து எனக்கு நெஞ்சு விம்மிப்போச்சு, இப்ப எழுதறப்பவும் அப்படித்தான். ஒரு ரப்பர் வளையத்துக்காக நான் இலையில கை வச்சேன்னா அந்த மனுஷனுக்கு என்ன மரியாதை?

எங்க மூங்கில் துப்பாக்கியும் அந்த வரிசையிலதான் இருக்கும், கத்திக்குப் பக்கத்துல, பொட்டோட. அன்னைக்கு ரெண்டு லயத்துக்கும் சண்டை கிடையாது. ஒரு வருஷம் மட்டும் ஜெகா வந்து சுட்டான், புதுத் துப்பாக்கியோட. “இது இண்டைக்கு வாங்கினது, பூசையில வைக்கேல்ல, அதால சுடலாம்”னு சட்டம் பேசினான். பேசிட்டே டப்பு டப்புன்னு எங்க எல்லாரையும் கொன்னுட்டான்.

இன்னைக்கும் அதே வக்கீல். “அப்ப புது ஸ்பானர் வாங்குவம். பூசையில வைக்காதது.”

“இந்த அளவு கடையில இல்லடா, கிராணி மவனே.”

அவன் சிரிக்கல. ஊர்வலம் விடிஞ்சதும் கிளம்பிடும், காத்திருக்க மாட்டாங்க. “நாளைக்கு வண்டி வரேல்லையெண்டால் சுரேந்திரனுக்குத்தான். நான் சொல் மாற மாட்டன்.” கதவைப் படார்னு சாத்திட்டுப் போனான்.

சரோஜா எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் நின்னா. ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவ.

“நான் எத்தனை ஆயுத பூஜைக்கு ஊசி போட்டிருக்கேன் தெரியுமா? ஊசிக்குப் பொட்டு வச்சிட்டு உக்காந்திருந்தா நோயாளி என்ன ஆவான்?”

“அப்ப எடுக்கட்டுமா?”

“நான் எடுங்கன்னு சொல்லல. இது ஒண்ணும் உசுரு போற கேஸ் இல்ல. நாளைக்கு ஓடற வண்டி, நாளைக்குப் பாத்துக்கலாம். விடியக்காலம் எழுந்து கற்பூரம் காட்டி நானே எடுத்துத் தாரேன். போய் மாத்திரை போடுங்க, முகமெல்லாம் சிவந்து கிடக்கு.”

ரத்தக் கொதிப்பு மாத்திரை போட்டாச்சு. ஊர்வலம் போனா என்ன. ரோடு அங்கதான் இருக்கும்.

அக். 12, சனி. விஜயதசமி

விடியக்காலம் தூறல், அப்புறம் நின்னுருச்சு. இதை வீட்டுக்கு வந்து எழுதறேன். உடம்பெல்லாம் வலி, மனசு ஜம்முன்னு இருக்கு.

சரோஜா சொன்ன மாதிரியே கற்பூரம் காட்டினா. இன்னைக்குத் தேங்காயை ஷெட்டுக்கு வெளியில உடைக்கச் சொல்லிட்டா. முதல் ஸ்பானரை அவளே எடுத்துக் கையில குடுத்தா. குங்குமத்தைத் துடைக்கல, அப்படியே வேலை செஞ்சேன்.

டிரம்மைக் கழட்டினா, ரப்பர்ல நகக் கீறல் மாதிரி ஒரு வெடிப்பு. மேல பாத்தா பளபளப்பு, மடிப்புல வெடிப்பு. புதுசு போட்டேன். பிரேக் குழாய்ல மாட்டின காத்து எடுக்க ஆ செங் உள்ள உக்காந்து பெடலை மிதிச்சான், சாத்து, துவா, தீகான்னு மலாய்ல அவனே எண்ணிக்கிட்டான். நடுவுல ஊர்வலம் கிளம்பிட்டதா ஜெகா போன். குரல்ல உப்பே இல்ல.

“நீ ஷெட்டுக்கு வா”ன்னேன்.

“இனி வந்து?”

“வா லா.”

வந்தான். மேல திறப்புல ஏறி நின்னான். மாலையோடவே கிளப்பினேன். நாலு எலுமிச்சையும் நசுங்கிச்சு. சரோஜா கையைக் காட்டினா, ஆ செங் ரோட்டுல நின்னு எங்களுக்காக ஒரு சிமெந்து லாரியையே மறிச்சு வழி விட்டான்.

தனியா ஒரு கவச வண்டி, செவ்வந்தி மாலை போட்டுக்கிட்டு, லூமுட் ரோட்டுல. கார்க்காரன் எல்லாம் போன்ல படம் எடுக்கறான். பத்து மைல் வரைக்கும் ஜெகா உர்ருன்னு நின்னான். அப்புறம் ஒரு பள்ளிக்கூட வேன் பக்கத்துல வந்துச்சு, பிள்ளைங்க ஜன்னல்ல ஒட்டிக்கிட்டு விரலைத் துப்பாக்கியா நீட்டுதுங்க. மேல இருந்து “டப்! டப்!”னு ஒரு சத்தம். தலையைத் திருப்பிப் பாத்தா, ரிட்டையரான சர்வேயர், பேரன் எடுத்தவன், ரெண்டு கையாலயும் சுடறான். வேன்ல இருந்த ஒரு பொண்ணு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் செத்துக் காட்டினா.

போத்தாவுல டீக்கு நிறுத்தினோம். போன வருஷம் நின்னுபோனது இந்த ஊர்லதான். இன்னைக்கு நாங்களா நிறுத்தினோம்.

“மாரி, அந்தத் தகரத் துவக்கு ஞாபகம் இருக்கோ?”

“மறக்குமா. அதை நினைச்சு எத்தனை நாள் ஏங்கியிருக்கேன்.”

“சும்மா சத்தம்தானடா. ஒண்டும் வெளியில வராது. உங்கட மூங்கில்ல குண்டு வரும். எனக்கு ஒண்டு செய்து தா எண்டு கேக்க வெக்கம். கிராணியின்ர மகன் எப்பிடிக் கேக்கிறது?”

எனக்குச் சிரிப்பு தாங்கல. டீ புரையேறிருச்சு. ரெண்டு பேரும் ஒருத்தன் துப்பாக்கியை ஒருத்தன் பாத்து வயிறு எரிஞ்சு வளந்திருக்கோம்.

ஆயர் தாவார் தாண்டி பாமாயில் எடுக்கற செம்பனைக் குலை ஏத்தின ஒரு லாரி, எங்களுக்கு முன்னால. சிக்னல் கிடையாது, ஒண்ணும் கிடையாது, திடீர்னு நடு ரோட்டுல நிறுத்திட்டான். நாலு டன் இரும்பு என் காலுக்குக் கீழ. மிதிச்சேன். பச்சையம்மா ஒரு பக்கமும் இழுக்காம, கோடு போட்ட மாதிரி நேரா வந்து நின்னா. லாரியோட பின் பலகைக்கும் எங்க மூக்குக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கலாம், அவ்வளவுதான். மேல இருந்து திறப்பு வழியா ஜெகாவோட கை கீழ வந்துச்சு. என் தோளைப் பிடிச்சுது. ரொம்ப நேரம் கையை எடுக்கல.

விடிஞ்சதும் ஊர்வலத்தைப் பிடிக்கற அவசரத்துல கிளம்பியிருந்தா, அந்த வெடிச்ச ரப்பரோட போயிருப்போம்.

லூமுட் போய்ச் சேந்தப்ப மத்த வண்டிக்காரங்க சாப்பிட்டே முடிச்சிட்டாங்க. மேசை நிறைய மீன் எலும்பு, நண்டு ஓடு. எனக்குப் புரட்டாசி சனிக்கிழமை. விதியைப் பாரு. எங்களைப் பாத்ததும் எல்லாரும் எழுந்து கையைத் தட்டினாங்க. சுரேந்திரனும் தட்டினாரு. நல்ல மனுஷன்தான், சின்ன வயசு, மரியாதையான பேச்சு. கையில அளவு டேப்பு. மேடைக்கு அளவெடுக்கணுமாம்.

“ஐயா, ஓட்டிக் கொண்டாந்துட்டீங்க, சந்தோஷம். வழியிலயே நின்னுருக்கும்னு நினைச்சேன். இப்ப இன்னும் பிடிச்சிருக்கு. எஞ்சினை எடுக்கல, அப்படியே வச்சுக்கறேன், எனக்கே குடுத்துடுங்களேன்.”

இதை நான் யோசிக்கவே இல்ல. ஊர்வலத்தோட வரல, அதனால கணக்குல சேராதுன்னு ஜெகா சொல்லிட்டா? நான் நல்லா வேலை செஞ்சதாலயே வண்டி கை மாறிடுமோன்னு ஒரு பயம். எஞ்சினோட போனாலும் போறது போறதுதானே. ஜெகாவைப் பாத்தேன். அவன் திறப்புல இருந்து இன்னும் இறங்கல. தலைமுடி எல்லாம் காத்துல நட்டுக்கிட்டு, மூஞ்சியெல்லாம் தூசி, அதுல கண்ணு மட்டும் சின்னப் பையன் மாதிரி.

“தம்பி, காலமை ஊர்வலத்தைத் தவறவிட்டதால உங்களுக்கு விக்கத்தான் கொண்டு வந்தனான். வழியில நானே வாங்கிப்போட்டன்.”

சுரேந்திரனுக்கு விளங்கல. என்னைப் பாத்தாரு. எனக்கு நல்லாவே விளங்குச்சு. சக்கரத்தைப் பாக்கற மாதிரி குனிஞ்சு, முன் இடது பக்கம் தடவிப் பாத்தேன். காஞ்சு கிடந்தது.